தலையை மட்டும் மாற்று

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ரங்கூன் ஓரத்தில் தாகேதாவில் நாங்கள் இப்போது இருக்கும் வீட்டில், மழை பெய்தால் ஒரே ஓர் இடம்தான் நனையாமல் இருக்கும். அங்கே அம்மாவின் பருப்பு டின் உட்கார்ந்திருக்கிறது. அதை நகர்த்திவிட்டு நான் உட்கார்ந்து தமிழில் எழுதி யார் படிக்கப்போகிறார்கள்? ரங்கூனில் என் வயசுக்காரன் தமிழில் திட்டுவான், பர்மியில் காதலிப்பான். எழுதுவது என்றால் போனில் ஒரு மஞ்சள் மூஞ்சியை அனுப்புவான், அவ்வளவுதான். நானும் தமிழ் எழுத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தவனில்லை. பாத்திரத்தில் பேர் வெட்டிப் பழகினவன். கல்யாணச் சீர் குடம், கோயிலுக்குக் கொடுக்கும் அண்டா, தாம்பாளம் எல்லாவற்றிலும் கொடுத்தவர் பேரை வெட்டி வெட்டி வந்த எழுத்து இது. ஆகையால் என் வாக்கியம் ஒரு சொம்பைச் சுற்றி வரும் நீளத்துக்கு மேல் போகாது.

என் சிநேகிதன்தான் விடவில்லை. "சொன்னதையே சொல்லிக்கிட்டுத் திரியறே. எழுதித் தொலை, என் காதுக்கு லீவு கிடைக்கும்" என்றான். சரி, அவன் காதுக்காக.

எங்கள் கோயில் மண்டபத்தில், உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஒரு செம்புத் தகடு மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு முகம் இருக்கிறது. அந்த முகத்தை வெட்டியவன் நான்தான். இரண்டு தடவை வெட்டினேன்.

முதலில் ரூமைப் பற்றிச் சொல்லவேண்டும். கோயிலுக்குப் பின்னால் ஒரு வரிசை ரூம்கள், எல்லாம் கோயிலுக்குச் சொந்தம். முனிசிபாலிட்டியில் வேலை பார்த்த என் தாத்தாவுக்கு எப்போதோ ஒரு ரூம் கொடுத்தார்கள். அவரும் போனார், அப்பாவும் போனார், ரூம் மட்டும் எங்களோடு இருந்தது. மண்டபத்துக்கு ஒட்டினாற்போல் முதல் ரூம். அந்த வாசலில்தான் அம்மா சாயங்காலம் அடுப்பு வைத்து பயாஜோ போடுவாள். பயாஜோ என்றால் நம் பருப்பு வடையின் பர்மாத் தம்பி. கோயிலுக்கு வருகிறவன், பஸ் விட்டு இறங்குகிறவன், பக்கத்து மடத்துக்குப் போகிற பர்மாக்காரி, எல்லாரும் அங்கே நிற்பார்கள். எங்களுக்குச் சோறு போட்டது அந்த வாசல்தான்.

கரண்டு போவது அதிகமானதும் கோயில் கமிட்டியில் ஜெனரேட்டர் வாங்க முடிவு செய்தார்கள். வாங்கினால் வைக்க இடம் வேண்டும். வரிசையில் ஒரு ரூமைக் காலி செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. எந்த ரூம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் கமிட்டி ஆட்கள் நடந்து போகும்போது மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கதவைப் பார்த்தார்கள். அம்மா அதைக் கவனித்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் சாமியைக் கும்பிட்டது குறைவு, தலைவரைக் கும்பிட்டது ஜாஸ்தி.

கமிட்டித் தலைவர் பருப்பு மொத்த வியாபாரி. எல்லாரும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவோம், அவர் பெண்சாதி உட்பட. கோயிலில் எதைத் திருப்பினாலும் அவர் பேர் இருக்கும். மண்டபத்து மின்விசிறி இறக்கைகளில் கூட பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். காற்றாடி சுற்றினால் பேர் தெரியாது. இப்போது கரண்டு இல்லாமல் அது நின்றே கிடப்பதால் எல்லாரும் வேர்த்துக்கொண்டே அண்ணாந்து படித்தார்கள்.

இனி அந்தப் புத்தகம். என் சிநேகிதன் பான்சொடான் தெரு நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறான். அவன் வாப்பா காலத்தில் கடையாக இருந்தது, இவன் காலத்தில் பாயாகச் சுருங்கிவிட்டது. அங்கே அட்டை போன ஒரு பெரிய ஆங்கிலப் புத்தகம் உண்டு. யாரும் வாங்கமாட்டார்கள், காற்றில் மற்றது பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைப்பான். முழுக்கப் படங்கள். ஐரோப்பாவில் ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி, செம்புத் தகட்டில் உளியால் கோடு கோடாக வெட்டி, மை தடவி, தாளில் அழுத்தி எடுத்த ராஜாக்கள். என் தொழில் என்பதால் நான் டீ குடிக்கும்போதெல்லாம் அதைப் புரட்டுவேன்.

ஒரு ராஜாவுக்காவது சிரிப்பு வந்திருக்க வேண்டுமே, இல்லை. எல்லாருக்கும் வயிற்றுவலி மூஞ்சி. முட்டை வடிவத்தில் கல் சட்டம், சட்டத்தைச் சுற்றி அவர் ஆளும் ஊர்களின் பேர், கீழே இரண்டு வரி புகழ்ச்சி. ஒருத்தருக்குத் தாடை முன்னால் நீண்டிருக்கிறது. வெட்டியவன் பாவம், தாடியை அடர்த்தியாகப் போட்டு மறைத்திருக்கிறான். மறைத்த இடத்துக்குத்தான் கண் முதலில் போகிறது. இன்னொருத்தருக்கு இரும்புக் கவசம். கவசத்துக்கு இடுப்பு உண்டு, அவருக்கு இருந்திருக்காது. ஆனால் வேலையைக் குறை சொல்ல முடியாது. கன்னத்தில் ஒரு கோடு கூட அவசரத்தில் விழுந்ததில்லை.

என் சிநேகிதன் போனை வைத்து இங்கிலீஷைப் பர்மியாக்கி, அதைத் தமிழாக்கி எனக்குச் சொல்வான். "ராஜாவை நேரா பாக்காதவன் வீட்டுச் சுவத்துலயும் ராஜா இருக்கணும். அதுக்குத்தான் மச்சான் இது. ஆளு வந்து மிதிக்கிறதுக்கு முந்தி மூஞ்சி வந்துரும்."

"நல்ல வேலையா இருக்கே. நம்மளுக்கு மூஞ்சி வராமலே மிதி விழுதே."

ஒரு பக்கத்தில் இரண்டு படம் பக்கம் பக்கமாக இருந்தது. அதே குதிரை, அதே கவசம், அதே மேகம். தலை மட்டும் வேறு.

"இது என்னடா?"

"முதல்ல இருந்தவரு போயிட்டாரு. அடுத்தவரு வந்துட்டாரு. செம்பு விலை ஜாஸ்தி. தலையச் சுரண்டிட்டு வேற தலை வெட்டிட்டான்."

"குதிரைகிட்ட யாராவது சொன்னாங்களா?"

சிரித்த சிரிப்பில் அவன் டீ புத்தகத்தில் கொட்டியது. இதில் புதிதாக ஒன்றும் இல்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு மேலே ஓர் ஆணி உண்டு. நான் எட்டாம் வகுப்போடு நிற்கும்வரை ஆணி அப்படியே இருந்தது, அதில் தொங்கிய நாட்டை ஆள்பவர் படம் அப்படியே இல்லை. இதற்கு மேல் இந்தப் பேச்சை நீட்டினால் அம்மா கரண்டியைத் தூக்குவாள்.

ஒருநாள் அந்தப் புத்தகத்தைக் கடைக்கு எடுத்து வந்திருந்தேன். நான் வேலை பார்க்கும் கடை சயாவுடையது. சயா என்றால் பர்மியில் வாத்தியார், மேஸ்திரி, முதலாளி எல்லாம். அன்றைக்குத் தலைவர் திருவிழாவுக்குப் பேர் வெட்ட அண்டாக்களைக் கொண்டு வந்தார். மேஜையில் ராஜா திறந்து கிடந்தார்.

"யாருடா இது?"

"ராஜா, தலைவரே. அந்தக் காலத்துல கமிட்டி கிடையாது. அதனால ராஜான்னு வச்சிட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இதே மாதிரி உங்களுக்கு ஒண்ணு செம்புல வெட்டி மண்டபத்துல மாட்டினா எப்பிடி இருக்கும்! உள்ள வர்றவன் செருப்ப வாசல்லயே விட்டுருவான்."

கோயிலில் செருப்பை எப்படியும் வாசலில்தான் விடுவார்கள். நான் கிண்டல் செய்தேன் என்று அவருக்குத் தெரியவே இல்லை. புத்தகத்தைத் தூக்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இந்த இரும்புச் சட்டை வேணாம்" என்றார். "பொன்னாடை போடு. தலையில பரிவட்டம். இந்த வளையத்துல எழுதியிருக்கே, அங்க என் பட்டமெல்லாம் வரணும்."

"கண்ணு, தலைவரே? அவரு எங்கயோ பாக்குறாரு."

"எனக்கு அப்பிடி வேணாம். எங்க நின்னாலும் என்னையப் பாக்குற மாதிரி... இல்ல, நான் பாக்குற மாதிரி இருக்கணும்."

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அல்லது போனது. "அம்மாதான் ரூமு விஷயமா ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்குது, தலைவரே" என்றேன்.

அவர் என் தோளில் கை வைத்தார். "நீ இத நல்லா முடி தம்பி. ரூம நான் பாத்துக்குறேன்."

வீட்டில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அவரு மூக்கு?"

"மூக்குக்கு என்ன?"

"அம்புட்டுப் பெருசா இருக்கே. அப்பிடியே வெட்டிராத. நீ மூக்கச் சின்னதாக்கு, ரூமு நிலைக்கும்."

மூக்கைச் சின்னதாக்கினேன். கன்னத்து மருவை எடுத்தேன். தாடைக்குக் கீழே தொங்கியதை மாலையால் மறைத்தேன். அவர் லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் பரிவட்டத்தோடு, கடை ஸ்டூலில் எனக்காக உட்கார்ந்தார். சயா உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். புத்தகத்து ராஜா தன் இரும்புத் தொப்பிமேல் கை வைத்திருந்தார். இவர் கையை எதன்மேல் வைப்பது என்று தெரியவில்லை. சிநேகிதனிடம் கேட்டேன்.

"ஜெனரேட்டர் மேல வைக்கச் சொல்லு" என்றான்.

கடைசியில் பூரணகும்பத்தின்மேல் வைத்தோம். மோதிரம் போட்ட விரல்கள் எல்லாம் தெரியும்படி.

கடையில் மிஷின் உண்டு, கரண்டு கிடையாது. எல்லாம் கையால்தான். அதுவரைக்கும் எழுத்தும் பூவும் வெட்டியவன், முகம் வெட்டியதில்லை. பழைய டிபன் மூடியில் பழகினேன். முதலில் வெட்டியதைப் பார்த்து அம்மா, "யாரு, உங்க சித்தப்பாவா?" என்றாள். அடுத்ததில் தலைவர் ஜாடை வந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் கன்னத்தில் கோடு போடும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மனுஷனை நான் அந்த அளவு உற்றுப் பார்த்ததே இல்லை. வெட்ட வெட்ட அவர் பெரியவரானார். மண்டபத்தில் இடுப்பைச் சொறிந்துகொண்டு நிற்கும் அதே ஆள், செம்பில் ஏறியதும் எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது. அந்த ராஜாக்களின் சூட்சுமம் அப்போதுதான் புரிந்தது. பெரியவன் என்பதால் படம் போடுவதில்லை. படம் போட்டுத்தான் பெரியவனாகிறான், அதைப் போட்டுக் கொடுப்பவன் என்னை மாதிரி ஒரு ரூமுக்காக உட்கார்ந்திருப்பவன்.

தகட்டைப் பார்த்துத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நானே தான்டா" என்றார். அம்மா அன்றைக்குக் கேசரி கிண்டி அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். தகட்டை மண்டபத்தில் மாட்டித் திரை போட்டார்கள். பங்குனித் திருவிழாவில் திறப்பதாக ஏற்பாடு.

திருவிழாவுக்கு முன்னால் கமிட்டிக் கூட்டம் வந்தது. உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தலைவராக உள்ளே போனவர் வெறும் ஆளாக வெளியே வந்தார். அவருக்கு வழக்கமாக மாலை பிடிக்கிறவர்கள் அதே மாலையை லாரிக்காரர் கழுத்தில் போட்டு, அவர் பின்னால் வந்தார்கள். அவர் லாரி வைத்திருப்பவர், அதுவரை துணைத்தலைவர். நாங்கள் அண்ணே என்று கூப்பிடுவோம். மறுநாளிலிருந்து அவரும் தலைவர்.

என்னை மண்டபத்துக்கு வரச் சொன்னார். திரையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேலை நல்லாத்தான் இருக்கு."

"ஆமாண்ணே. கழட்டிரவா?"

"ஏன் கழட்டணும்? கோயில் செம்புடா. வீணாக்கலாமா? தலைய மட்டும் மாத்து."

புத்தகத்துப் பக்கத்தில் கொட்டிய டீ எனக்கு ஞாபகம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

"உடம்பு, அண்ணே?"

"உடம்புக்கு என்ன? பொன்னாடை போட்டிருக்கு, மாலை போட்டிருக்கு. எல்லாருக்கும் அதானே உடம்பு."

"அவரு குட்டை. நீங்க நெட்டை. கழுத்து ஒக்காராது."

"யாரு கழுத்தப் பாக்கப்போறா?"

ரூமைக் கேட்டேன். "மொதல்ல தலைய முடி. அப்புறம் பேசிக்குவோம்" என்றார். அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் நேராக என்னிடம், "இவருக்கு மூக்கு பரவாயில்ல. காதுதான்..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் கேட்க முடியாமல் வெளியே போய் நின்றேன்.

கடையில் தகட்டைக் கவிழ்த்து, பின்பக்கம் தட்டி, பள்ளத்தை மேலே கொண்டுவந்து, முன்பக்கம் சுரண்ட உட்கார்ந்தேன். வாய் போயிற்று. மூக்கு பாதி போயிற்று. அப்போது பழைய தலைவர் கடைக்குள் வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். தரையில் செம்புத் தூள் கிடந்தது. அதை மிதிக்காமல் சுற்றி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார், பரிவட்டத்தோடு உட்கார்ந்த அதே ஸ்டூல்.

பாதி மூக்கோடு கிடந்த தன் முகத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, "கண்ண மட்டும் விட்டுரேன்" என்றார்.

"என்ன தலைவரே?"

"கண்ணு யாருக்கும் தெரியாது தம்பி. அவன் மூஞ்சிலயே இருந்துட்டுப் போகட்டும்."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. விடலாம் என்றுகூடத் தோன்றியது. விட்டால் எனக்கும் வேலை மிச்சம்.

"நீங்க ஒரு வார்த்தை அவருகிட்ட சொல்லுங்க தலைவரே, ரூமு எங்களுக்குத் தர்றதா சொல்லியிருந்தேன்னு."

அவர் தரையைப் பார்த்தார். "ரூமு அப்பவே ஜெனரேட்டருக்குன்னு முடிவாயிருச்சுப்பா."

"எப்ப?"

"நீ இத ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே. நானும் கை தூக்கினேன்."

"அப்பறம் எதுக்கு பாத்துக்குறேன்னு சொன்னீங்க?"

"நல்லா வெட்டணுமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. பருப்பில் கல் பொறுக்கச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

சுரண்டியை எடுத்து முதலில் கண்ணைத்தான் சுரண்டினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். அந்த மரியாதை எல்லாம் அவருக்கு உண்டு.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. புதியவர் மாற்றுவார் என்று ஒரு நப்பாசை. தலையே மாறுகிறதே, ஒரு முடிவு மாறாதா? லாரிக்காரர் முகத்தை வெட்டினேன். காதைச் சின்னதாக்கினேன், வழுக்கையைப் பரிவட்டத்தால் மூடினேன், கண்ணில் கொஞ்சம் கருணை போட்டேன். நேரில் அங்கே கருணை இல்லை, டீசல்தான் இருக்கிறது. நெட்டைத் தலை, குட்டை உடம்பு, நடுவில் கழுத்தே இல்லை. விரலில் இருந்த மோதிரமெல்லாம் பழையவருடையது, வளையத்தில் இருந்த பட்டமெல்லாமும்.

பங்குனியன்று காவடி எல்லாம் வந்து சேர்ந்ததும் மேளம் தட்டித் திரையை இழுத்தார்கள். யாராவது ஒருத்தர் சிரிப்பார் என்று ஓரமாக நின்று காத்திருந்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. குனிந்து கும்பிட்டார்கள். ஒரு பாட்டியம்மா சந்தனத்தைத் தொட்டுத் தகட்டில் இருந்தவர் நெற்றியில் வைத்தாள். பழைய தலைவரும் வந்திருந்தார். எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினார், தன் மோதிரங்களைப் பார்த்துக்கொண்டே.

கூட்டம் கலைந்ததும் அம்மா பயாஜோத் தட்டோடு புதிய தலைவர் முன்னால் போய் நின்றாள். நானும் நின்றேன்.

"அண்ணே, ரூமு..."

"அது போன கமிட்டி முடிவும்மா." ஒரு பயாஜோவை எடுத்துக் கடித்தார். "பெரியவங்க எடுத்த முடிவு. அத நான் மாத்தினா அவருக்கு மரியாதையா இருக்குமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் இருந்தவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். எங்கே நின்றாலும் பார்க்கும்படி வெட்டியது நான்தானே.

காலி செய்த அன்று பக்கத்து ரூம் அக்கா அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுகையில் பாதி துக்கம், பாதி நிம்மதி. அவளைக் குறை சொல்லமாட்டேன். எங்களுக்குப் பதில் அவள் போயிருந்தால் நானும் பெட்டி தூக்கிக் கொடுத்து அதே மாதிரிதான் அழுதிருப்பேன். தாகேதாவில் அம்மா தெருக் கோடியில் அடுப்பு வைத்துப் பார்த்தாள். அங்கே ஏற்கெனவே பயாஜோ போடும் ஒரு பர்மாக்காரி இருக்கிறாள், நல்லவள், எங்களைவிட நன்றாகவும் போடுகிறாள். இப்போது அம்மா டின்னில் பருப்பை வைத்துக்கொண்டு, பெய்யும் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

போன வாரம் ஒரு தாம்பாளம் கொடுக்கக் கோயிலுக்குப் போனேன். கரண்டு போனது. எங்கள் ரூமிலிருந்து ஜெனரேட்டர் உறுமியது. எட்டிப் பார்த்தேன். அம்மா சாமி படம் வைத்திருந்த பலகையில் டீசல் கேன் இருந்தது. மண்டபத்தில் காற்றாடி சுற்றவில்லை. டீசல் செலவாம், எல்லாவற்றுக்கும் கொடுக்க முடியாதாம். எதிர்ச் சுவரில் தகட்டுக்கு மேலே மட்டும் ஒரு பல்பு எரிந்தது.

அங்கே மேளக்காரர் ஒருத்தர் காதோடு சொன்னார், லாரிக்காரருக்கும் கமிட்டியில் நிலைமை சரியில்லையாம், அடுத்த கூட்டத்தில் தெரியுமாம். அங்கிருந்து நேராகப் பான்சொடானுக்குப் போனேன். என் சிநேகிதன் ராஜாக்களின் மேல் டீ கிளாஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னொருத்தன் வந்தா திரும்ப என்னையத்தான் கூப்பிடுவாங்கடா" என்றேன். "சுரண்டிச் சுரண்டி தலை இருக்கிற எடம் தாளு மாதிரி ஆயிருச்சு. இன்னும் ஒரு தடவ கை வச்சா ஓட்டை விழுந்துரும்."

அவன் டீயை ஒரு மிடறு குடித்தான்.

"விழுந்தா விடு மச்சான், வர்றவன் தகட்டுக்குப் பின்னாடி நின்னு அந்த ஓட்டையில தன் தலைய அவனே விட்டுக்கட்டும்."